முதலில் அந்த கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள்

வணக்கம் நண்பரே. மதுரையில் 18,000 சம்பளம், 6,000 வாடகை, கிரெடிட் கார்டில் 22,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் 1,100 கட்டியும் இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்று என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த இருபதாம் தேதியை நானும் பார்த்தவன்.

செலவைக் குறைக்கப் பிள்ளைகளின் பாலில் கைவைக்க வேண்டாம். ஓட்டை கார்டில்தான் இருக்கிறது. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 770 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; ஏறத்தாழ 900. ஆக, நீங்கள் கட்டுவதில் அசலுக்குப் போவது 200 தான். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து இதை அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 185 ரூபாய்க்குள் அடங்கும். அதே 1,100 கட்டினால் மீதியெல்லாம் அசலுக்கு.

அப்புறம், ரேஷனைக் கூச்சப்படாமல் வாங்குங்கள்: பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. சம்பளத்தன்றே என் அம்மா வாடகை, பால் காசு என்று தனித்தனிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்குக் கை போகாது.

நகை இல்லையென்றால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.