வசனம் சொல்லித் தராமல் ஓட விடுகிறார்களே என்று கேட்கும் அம்மாவுக்கு

பையனை நடிப்புப் பயிற்சியில் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு வரி வசனம்கூடக் கொடுக்கவில்லை, ஓடு, உருளு, நட என்றே பொழுது போகிறது, கட்டிய பணம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை அம்மா. முதல் வாரமே வசனத் தாளை நீட்டி, கூடவே சினிமாவில் சான்ஸ் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடமாக இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

அவனை ஒரு சண்டைக் காட்சி நடிக்கச் சொல்லி மொபைலில் எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் வாயால் மட்டும்தான் சண்டை போடுவார்கள், கை பாட்டுக்குச் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருக்கும், கால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வசனத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் இது சரியாகாது, உடம்பைப் பழக்கினால்தான் சரியாகும்.

இல்லாத குடத்தை இடுப்பில் வைத்து நடக்கச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், மறு கை தானாக விலகும், அடி குட்டையாகும், இறக்கி வைக்கும்போது முதலில் முழங்கால் மடங்கும். இதில் ஒன்று தவறினாலும் பார்க்கிறவர்களுக்குக் குடம் காணாமல் போய்விடும். குரலும் உடம்போடு சேர்ந்ததுதான். தோளைக் கூனிக்கொண்டு நின்றால் மூச்சு எங்கிருந்து வரும்? கனமான கிரீடமும் தோள்கட்டையும் கட்டிக்கொண்டு விடிய விடியச் சுற்றி ஆடிக்கொண்டே பாடுகிற தெருக்கூத்துக்காரர்களை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு அந்தக் கலையிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது, பெரிய தெருக்கூத்து வாத்தியாரான புரிசை கண்ணப்ப தம்பிரானே அங்கே கற்றுக்கொடுத்திருக்கிறார். சினிமாவில் நடிக்கிற பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். பசுபதி சும்மா நடந்து வந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறதே, அது வசனத்தால் வந்ததில்லை.

ஆனால் உடற்பயிற்சி என்ற பெயரில் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உடம்பைச் சூடேற்றாமல் நேரே குதிக்க வைத்தால் முழங்கால் போய்விடும். தொடுவதற்கு முன் கேட்கிறார்களா, வலிக்கிறது என்றால் நிறுத்த விடுகிறார்களா என்று பையனிடம் விசாரியுங்கள். ஒரு நாள் வகுப்பைப் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள், மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.

அப்புறம், படிப்பை நிறுத்திவிடலாமா என்கிறானாமே, அது வேண்டாம். டெல்லியில் இருக்கிற தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கே பட்டம் வேண்டும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும், தேர்வின் கடைசிக் கட்டத்தைப் பயிற்சிப் பட்டறை மாதிரிதான் நடத்துகிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுநிலை படிக்கவும் பட்டம் தேவை. பி.காம். முடிக்கட்டும், அதுவரை ஊரில் உள்ள நாடகக் குழு எதிலாவது சேர்ந்து மேடை ஏறட்டும். நடித்த ஒவ்வொரு நாடகத்தின் நோட்டீஸையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கும்போது உதவும்.