வாசகர் கேள்வி: குடியை விட்டவர்களின் கூட்டத்தை எங்கே தேடுவது?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. கொத்தனார் வேலை பார்க்கிறார். பதினைந்து வருடக் குடிப்பழக்கம். சென்ற மாதம் மருத்துவமனையில் பத்து நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார். அதன்பின் இன்றுவரை தொடவில்லை. குடியை நிறுத்தியவர்கள் கூடிப் பேசும் கூட்டம் மதுரையில் நடப்பதாக அங்கே சொன்னார்கள். இடத்தையும் நேரத்தையும் எழுதித் தரவில்லை. ஊருக்குள் விசாரித்தால் விஷயம் பரவிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? நானும் உடன் செல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உசிலம்பட்டி

பதில்: அவர்கள் சொன்னது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டமாக இருக்க வேண்டும்; சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் தொடங்கிய முறை இது. மனைவியின் கண்ணீரும் மருத்துவரின் எச்சரிக்கையும் எட்டாத இடத்தை, தானும் குடித்துக் கெட்டவன் ஒருவனின் பேச்சு எட்டுகிறது என்பதே இதன் அடிப்படை.

இந்தக் கூட்டங்களுக்குச் சொந்தக் கட்டடமோ வாசலில் பெரிய பெயர்ப்பலகையோ பெரும்பாலும் இருப்பதில்லை. பள்ளி வகுப்பறை, தேவாலயத்தை ஒட்டிய அறை என்று கிடைத்த இடத்தில் மாலை வேளைகளில் நடக்கும். இடமும் கிழமையும் மாறுவதும் உண்டு. ஆகவே யாரோ எப்போதோ எழுதி வைத்த முகவரியை நம்பி, அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறாதீர்கள். முதலில், அவர் சிகிச்சை பெற்ற இடத்தின் ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ மறுபடி கேளுங்கள். உள்நோயாளிகளிடம் பேசுவதற்காக ஏ.ஏ. உறுப்பினர்கள் மருத்துவமனைகளுக்கு வருவது வழக்கம் என்பதால் அவர்களிடம் ஒரு தொடர்பு எண் இருக்கக்கூடும். அது பலிக்காவிட்டால் ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் தேடலாம். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446-ஐயும் அழைக்கலாம்.

எண் கிடைத்ததும் அந்த அழைப்பை நீங்கள் செய்யாமல் அவரையே செய்யச் சொல்லுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். நீங்கள் பேசி, நீங்கள் நேரம் குறித்து, நீங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனால், அது உங்களுக்காக அவர் போகும் கூட்டமாகிவிடும். கூட்டம் தமிழில் நடக்கிறதா, எத்தனை மணிக்கு முடியும், ஆரப்பாளையத்தில் இறங்கி எந்த வழியாக வருவது, முதல் நாள் யாராவது பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக முடியுமா என்று அவர் கேட்கட்டும். இரவு ஊர் திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. பேருந்துக்குப் பயந்து பாதியில் எழுந்து வருபவருக்கு அந்தக் கூட்டம் மனதில் ஒட்டாது.

விஷயம் பரவிவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அங்கே முழுப் பெயரோ ஊரோ சொல்ல வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேருவதற்கான தகுதி. கட்டணமும் கிடையாது, கூட்டத்தில் பை ஒன்று சுற்றி வரும்போது விரும்பினால் போடலாம். உசிலம்பட்டிக்காரர் ஒருவரையே அங்கே பார்க்க நேர்ந்தாலும், அவரும் இதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்! முதல் நாள் வாய் திறக்காமல் கேட்டுவிட்டு வந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு குழுவுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

'திறந்த கூட்டம்' என்றால் நீங்களும் உட்காரலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. குடும்பத்தாருக்கென்று 1951-இல் தொடங்கப்பட்ட 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு இருக்கிறது; அதைப் பற்றியும் அதே அழைப்பில் விசாரிக்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடம் பட்ட பாடு உங்களுடையதும்தான். அதைச் சொல்லி ஆற உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

கூட்டத்துக்குப் போகத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இடையில் அவர் மறுபடி குடிக்கத் தொடங்கி, பிறகு திடீரென்று நிறுத்தி, கை நடுக்கமோ வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் அன்றைக்குக் கூட்டம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பொடிகளின் பக்கமே போகாதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததை உண்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கேள்வி: கூட்டம் தேவாலய வளாகத்தில் நடக்கிறது, கடவுளைப் பற்றியும் பேசுகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத என் அண்ணன் போகத் தயங்குகிறார்.
- வாசகர், மேலூர்

பதில்: இடம் மட்டுமே தேவாலயத்தினுடையது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான். ஆனால் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு குடியை விட்ட நாத்திகர்களும் உண்டு. வேண்டுதல் சொல்லும் நேரத்தில் உங்கள் அண்ணன் பேசாமல் நின்றால் போதும்.