ஹோம் போதுமா, புரோ வேணுமா?

ஹட்டன் போட்டோகொப்பி கடைக்கு லெப்டொப் எடுக்கப் போனால், விற்பவர் விண்டோஸ் 11 புரோதான் வேணும் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். பில் போட, பிரிண்ட் எடுக்க விண்டோஸின் சாதாரணப் பதிப்பான ஹோமே தாராளம். அவருக்கு விற்கணும், அவ்வளவுதான்.

ஆனால் இரவில் கொட்டகலை வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் வழியாகக் கடைக் கணினிக்குள் நுழைந்து கணக்குப் பார்ப்பீர்களா? அப்படியென்றால் கடைக் கணினிக்குப் புரோ வேண்டும். ஹோம் இன்னொரு கணினிக்குள் போகும், தனக்குள் யாரையும் விடாது. வீட்டுக் கணினியில் ஹோமே இருக்கட்டும்.

அப்புறம், வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை ஸ்கேன்கள் உள்ளே கிடக்குமே. லெப்டொப் களவு போனாலும் பிறர் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கரை முழுதாகக் கையாளப் புரோ வேண்டும்தான். ஆனால் புது லெப்டொப்கள் பலவற்றில் ஹோமிலேயே அதே பூட்டின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியைத் திறந்து பாருங்கள். சந்தேகமென்றால் ஹோமையே எடுங்கள். பிறகு காசு கட்டிப் புரோவாக்கலாம், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.