கட்டளையின் மதிப்பில் உள்ள நட்சத்திரக் குறி

வணக்கம். இலக்கணக் கோப்பில் ‘%டைப்’ கட்டளைக்குப் பின் வரும் ‘சார் *’ (சி மொழியின் எழுத்துச் சுட்டி வகை) என்பதன் நட்சத்திரத்தை, ஃபிளெக்ஸ் கருவியால் உருவாக்கிய உங்கள் லெக்சர் (உரையை டோக்கன்கள் என்னும் சிறு அலகுகளாகப் பிரிக்கும் நிரல்) மறுநிகழ்வுக் குறியாக எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். லெக்சர் விதிகளின் வரிசையை மாற்றுவது இதற்குத் தீர்வாகாது. மிக நீளமாகப் பொருந்தும் விதியே வெல்லும், நீளம் சமமானால் மட்டுமே வரிசை பார்க்கப்படும்.

கட்டளைச் சொல்லைக் கண்டதும், ‘%எக்ஸ்’ கொண்டு அறிவித்த தனி நிலைக்குள் (அந்த நிலைக்கென எழுதிய விதிகள் மட்டுமே செயல்படும் நிலை) ‘பிகின்’ மூலம் நுழைந்து, முன்னிருக்கும் இடைவெளியைத் தள்ளிவிட்டு, வரி முடியும் வரையுள்ள எழுத்துகளை ஒரே டோக்கனாகத் திருப்பியனுப்பி, புதுவரிக் குறி வந்தவுடன் ‘இனிஷியல்’ என்ற தொடக்க நிலைக்கு மீளுங்கள். ‘%எஸ்’ என்று அறிவிக்க வேண்டாம்; அதில் நிலை குறிக்கப்படாத பொது விதிகளும் தொடர்ந்து செயல்படும்.

முக்கியமாக, லெக்சர் கடைசியாகப் பொருத்திய உரையைக் காட்டும் ‘ஒய்ஒய்டெக்ஸ்ட்’ சுட்டியை, டோக்கன்களை இலக்கணப்படி ஆராயும் பார்சரிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அடுத்த டோக்கன் படிக்கப்படும்போது அதன் உள்ளடக்கம் மாறிவிடும் என்பதால், மதிப்பை ‘எஸ்டிஆர்டப்’ என்ற சி செயற்கூறு கொண்டு நகலெடுத்தே அனுப்புங்கள்.