நீங்கள் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே அவர்கள் ஒரு தடவை பேசியிருக்க வேண்டும்

கேள்வி: "ஸ்லைடு போட்டு விளக்கம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே கேட்பவர்களைப் பங்கெடுக்கத் தயார்படுத்துவது எப்படி? நான் பேசும்போது யாரும் வாயே திறப்பதில்லை."

உங்கள் கேள்வியின் கடைசி வரி, 2018-ல் நான் என் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்ன வரி. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ பேசுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்லைடுகளை நன்றாகவே செய்திருப்பீர்கள், ராத்திரி கண் விழித்து. நானும் அப்படித்தான் செய்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் இல்லை நான். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை விவசாயிகளுக்குப் பூச்சி, நோய் மேலாண்மை சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு பக்கம் வேலந்தாவளம், இன்னொரு பக்கம் கோபாலபுரம், இரண்டையும் தாண்டினால் தமிழ்நாடு. தோப்பிலும் டீக்கடையிலும் கொங்குத் தமிழ்தான் பேச்சு. அலுவலகக் காகிதம் மட்டும் மலையாளத்தில் வரும்.

அந்தச் சமயம் எங்கள் பகுதியை ஆட்டிப் படைத்தது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடித்தார்கள், அப்புறம் இங்கேயும் தோப்பு தோப்பாகப் பரவியது. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை வைக்கும், மேலே மாவு தூவினதுபோல் வெள்ளை மெழுகு. அது கழிக்கிற தேன் மாதிரியான பிசுக்கு கீழ் ஓலைகளில் விழும், அதன்மேல் கரும்பூசணம் படரும். கரி பூசினதுபோல் நிற்கிற மரத்தைப் பார்த்த விவசாயி, கையில் கிடைத்த மருந்தை எல்லாம் வாங்கி அடிப்பார். அங்கேதான் சிக்கல். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற என்கார்சியா என்ற குட்டிக் குளவி தோப்பில் தானாகவே பெருகும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது. மருந்து அடித்தால் முதலில் போவது அதுதான். "அடிக்காதீர்கள், பொறுங்கள்" என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு. கடன் வாங்கி நட்டவரிடம் பொறு என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

2018-ல் ஒரு சமுதாயக் கூடத்தில் முதல் கூட்டம். 52 ஸ்லைடு தயார் செய்திருந்தேன். பத்து மணிக்கு விவசாயிகள் வந்துவிட்டார்கள். விருந்தினர்கள் வர பதினொன்றேகால். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஐந்து, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. மைக் என் கைக்கு வரும்போது பன்னிரண்டரை. ஜன்னல் வெளிச்சத்தில் திரையில் படம் தெரியவில்லை. முன் மூன்று வரிசை காலி, எல்லோரும் சுவரோரம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் "சந்தேகம் இருந்தால் கேளுங்க" என்றேன். ஒருத்தரும் கேட்கவில்லை. "இந்தப் பூச்சியின் எதிரி எது தெரியுமா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். அறுபது பேர் முன்னால் அப்படி நிற்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை. அதே விவசாயிகள் அங்கே உட்கார்ந்து வெள்ளை ஈயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! யார் தோப்பில் முதலில் வந்தது, குட்டை ரகத்தில்தான் ஜாஸ்தி, நாட்டு நெட்டையில் குறைவு, மழை பெய்தால் அடங்குகிறது, யார் எந்த மருந்து அடித்து ஏமாந்தார். பெரிய விவாதம். அவர்கள் சொன்னதில் பாதி என் ஸ்லைடில் இருந்த விஷயம். மீதி என் ஸ்லைடில் இருந்திருக்க வேண்டிய விஷயம்.

நான் போய் ஒரு பெரியவரிடம் கேட்டேவிட்டேன், "ஏனுங்க மாமா, இதை அங்கேயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, நீ கேட்டதெல்லாம் எங்களுக்குத் தெரியாததைத்தானே கேட்டே. தெரியாததைக் கேட்டா யாரு வாயைத் தொறப்பா? தெரிஞ்சதைக் கேட்டுப் பாரு."

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பேச்சு தொடங்குவதற்கு முன்பு, ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, தன் வாயால் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவரிடம் சொன்னால்கூடப் போதும். ஒரு தடவை வாய் திறந்தவர் மறுபடி திறப்பார். ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவைத்த பிறகு "பேசுங்க" என்றால் யாருக்கும் வராது.

அடுத்த கூட்டத்துக்கு, 2019 தை மாதம், நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்னாடி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன், எங்கள் பேச்சுத் தமிழிலேயே: "வரும்போது உங்க தோப்புல கீழ் மட்டையில ஒரு முழம் ஓலை அறுத்து, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிக் கொண்டு வாங்க." வாட்ஸ்அப் இல்லாத பதினோரு பேருக்கு நானே போன் செய்தேன்.

பூச்சி பிடித்த ஓலையை இடம் மாற்றலாமா என்று வேளாண்மை படித்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள். தெரியும். ஓலையும் நாற்றும் வண்டி ஏறிப் போய்த்தான் இந்த ஈ தூரத்து ஊர்களுக்குப் பரவுகிறது. அதனால் ஏற்கெனவே பாதிப்பு இருந்த ஒரே பஞ்சாயத்துக்காரர்களை மட்டும் அழைத்தேன், கட்டின கவர் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை, முடிந்ததும் அங்கேயே எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். புதிதாகப் பரவுகிற இடத்தில் இதைச் செய்யவே மாட்டேன்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்பே கூடத்துக்குப் போனேன். நாற்பது பேர் வருவார்கள் என்றால் நாற்காலி இருபத்தைந்துதான் போட்டேன், அரைவட்டமாக. மீதியைச் சுவரோரம் அடுக்கிவைத்து, ஆள் வர வர எடுத்துப் போட்டேன். முன் வரிசை தானாக நிறைந்தது. எதுவும் செய்ய முடியாவிட்டால் இதை மட்டுமாவது செய்யுங்கள், செலவே இல்லை.

வாசலில் ஒரு பெஞ்சு. அதன்மேல் செய்தித்தாள் விரித்து பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ் ஆறு வைத்தேன். பக்கத்துச் சுவரில் சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டி எங்கள் பஞ்சாயத்து வரைபடம்: ரோடு, வாய்க்கால், மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை. முந்தின நாள் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள், சிவப்பும் பச்சையும். வருகிறவர் தன் தோப்பு இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். பாதிப்பு அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை. அவ்வளவுதான். எழுத வேண்டாம், பெயர் வேண்டாம்.

முதலில் வந்தவர் கூச்சப்பட்டார். இரண்டாவது ஆள் "கோயிலுக்குக் கிழக்கால என்னுது" என்று ஒட்டினார். மூன்றாவது ஆள், "உன் தோப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமில்ல?" என்று கேட்டு அவர் பொட்டையே பிய்த்து மாற்றி ஒட்டினார். அப்புறம் எனக்கு வேலையே இல்லை. "மூணு தடவை மருந்தடிச்சேன், இன்னும் சிவப்புத்தான்" என்று ஒருவர். "நான் ஒண்ணுமே அடிக்கலை, பச்சை ஒட்டறேன்" என்று பக்கத்துத் தோப்புக்காரர். "ஒண்ணுமே பண்ணலையா? எப்படி?" என்று நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சொல்ல வேண்டியிருந்த விஷயத்தை அவர்களே சுவருக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் மைக்கைத் தொடவில்லை.

பெஞ்சில் அந்த டீக்கடைப் பெரியவர். ஒரு கண்ணை மூடி, லென்ஸை மூக்கோடு ஒட்டிவைத்து, கவரோடு ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மிணி, வெள்ளைக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு கறுப்பா இருக்குதே, அது என்ன?" என்றார். சொல்லிவிட நாக்கு துடித்தது. குளவி முட்டையிட்ட குஞ்சுதான் அப்படிக் கறுக்கும். ஆனால் சொல்லவில்லை. "எத்தனை கறுப்புன்னு எண்ணி வையுங்க மாமா, உள்ளே கேக்கறேன்" என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கவரின் மேலேயே புள்ளி வைத்து வைத்து எண்ணினார். பக்கத்தில் இருந்தவர்களும் எண்ணத் தொடங்கினார்கள்.

கூட்டம் தொடங்கியதும் வணக்கத்துக்கு அடுத்து நான் கேட்ட ஒரே கேள்வி, "மாமா, எத்தனைங்க?"

"பதினேழு" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"எனக்கு ரெண்டுதான்." "எனக்கு முப்பதுக்கு மேல, கண்ணு வலிச்சு விட்டுட்டேன்." முப்பது சொன்னவர், மருந்தே அடிக்காத அந்தப் பச்சைப் பொட்டுக்காரர். கறுப்பு என்றால் என்ன என்று நான் அப்போது சொன்னேன். கூடம் ஒரு நிமிடம் அமைதியாகி, உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அன்று 52 ஸ்லைடில் ஒன்பதுதான் காட்டினேன். ஏக்கருக்கு எட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி, விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்டுவது, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிடுவது, இவ்வளவுதான் என் பங்கு. மற்றதெல்லாம் அவர்கள் பேசினது.

இதில் புதுசு ஒன்றும் இல்லை என்று சொல்வீர்கள். இல்லைதான். எங்கள் பாலக்காட்டில் கதகளி நடக்கிற அன்று சாயங்காலமே செண்டை, மத்தளம், சேங்கிலை, இலத்தாளம் வைத்துக் கேளி கொட்டுவார்கள். ராத்திரி ஆட்டம் உண்டு என்று அந்தச் சத்தம்தான் ஊருக்குச் சொல்லும். வேஷக்காரர் மேடைக்கு வருவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே ஊர் காதைத் தீட்டிக்கொள்ளும். நாம்தான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்குகிறோம்.

"இது விவசாயிகளுக்குச் சரி, எங்கள் கம்பெனியில் நடக்காது" என்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன், அறுபது பேரில் நாலு பேர்தான் பதில் போட்டார்கள். சரி என்று வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்டுத் தேங்காய் எங்கிருந்து வருது, இப்ப என்ன விலை?" என்று கேட்டு நோட்டில் குறித்தேன். பேசும்போது அந்தப் பதில்களைத்தான் எடுத்தேன். தோப்புக்காரர்கள் அளவுக்குச் சூடு பிடிக்கவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. பதிலை வாங்கிக்கொண்டு பேச்சில் அதைத் தொடாமல் விட்டீர்களானால் கேட்காமல் இருந்ததைவிட மோசம். அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள். ஒரு கூட்டத்தில் நானே அந்தத் தப்பைச் செய்து, மூன்று மாதம் அந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்தக் குரல் பதிவைத் தமிழில் அனுப்பினதற்கு அலுவலகத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்கிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள், துண்டறிக்கை மட்டும் மலையாளத்தில்தான் இருக்க வேண்டுமாம். கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்கிறது. ஆனால் என் அப்பா தமிழில் எழுதிக்கொண்டுபோன மனுவை ஒரு அலுவலகத்தில் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். 71 வயசு. மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையனை எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினார். மலையாளத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, நான் பட்டம் படிக்கும்போது சோறு போட்ட தோழிகளின் மொழி அது. ஆனால் ஒரு மனிதரைத் தனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தோடு உட்காரவைத்துவிட்டு, "பேசுங்க, கருத்துச் சொல்லுங்க" என்று கேட்பது நியாயமா?

சரி. இந்த மாதம் வேர் வாடல் நோய் பற்றிக் கூட்டம் இருக்கிறது. நேற்று அந்த மாமாவே போன் செய்து, "இந்தத் தடவை என்ன கொண்டு வரோணும் அம்மிணி?" என்று கேட்டார். வேரைத் தோண்டிக்கொண்டு வர முடியாது. ஓலைகள் தொய்ந்து, விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்திருக்கிற மட்டை ஏதாவது இருந்தால் போனில் ஒரு படம், அந்த மரத்தின் வயசு, போன வருஷம் அது காய்த்த காய் எத்தனை. இந்த மூன்றும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.