எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லையென்றால் முடக்குவாதம் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதங்களாகக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியுள்ளன. கை எக்ஸ்ரேயில் ‘மூட்டுகளை ஒட்டி எலும்பு அடர்த்திக் குறைவு, அரிப்பு இல்லை’ என்றும், முழங்கால் எக்ஸ்ரேயில் ‘உட்பக்க இடைவெளி குறுகல், எலும்பு முள் வளர்ச்சி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இது முடக்குவாதமா, தேய்மானமா?

பதில்: உங்கள் கைக்கும் முழங்காலுக்கும் ஒரே நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) முதலில் வீங்குவது மூட்டின் உட்சவ்வு. அது எக்ஸ்ரேயில் சதை வீக்கமாக மட்டுமே தெரியும். அடுத்து, மூட்டை ஒட்டிய எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும். உங்கள் அறிக்கை இந்தக் கட்டத்தைத்தான் குறிக்கிறது, ஆனால் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் எலும்பின் அடர்த்தி இப்படிக் குறையக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய இயலாது. அரிப்பு, அதாவது எலும்பு அரிக்கப்பட்டுக் குழிவது, பின்னர் வருவது. குருத்தெலும்பு மூடாத விளிம்பில் வீங்கிய சவ்வு எலும்பை நேரடியாகத் தொடுவதால், எலி கடித்தாற்போன்ற சிறு பள்ளம் அங்கேதான் முதலில் விழும். மணிக்கட்டு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள், விரல்களின் நடு மூட்டுகள் ஆகியவற்றில் அதைத் தேடுவோம். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். அங்கே முண்டுகள் இருந்தால் தேய்மானத்தையே முதலில் நினைப்போம்.

முழங்காலில் முடக்குவாதம் குருத்தெலும்பை எல்லாப் பக்கமும் கரைப்பதால், இடைவெளி உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஏறக்குறைய சமமாகக் குறையும். எலும்பு முள் அதிகம் இருக்காது. உட்பக்கம் மட்டும் குறுகி, முள்ளும் வளர்ந்திருக்கும் உங்கள் படம் தேய்மானத்தையே காட்டுகிறது. நின்றபடி எடுத்த படமா என்று பாருங்கள், படுத்தபடி எடுத்தால் குறுகல் சரியாகத் தெரியாது.

‘அரிப்பு இல்லை’ என்ற வரியை நம்பி, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முடக்குவாதத்தை அடையாளம் காண மருத்துவ வல்லுநர்கள் 1987-இல் வகுத்த அளவுகோல்களில் எக்ஸ்ரே மாற்றமும் ஒன்றாக இருந்தது. 2010-இல் திருத்தியபோது, அரிப்பு வருமுன்பே நோயைக் கண்டறிய வேண்டும் என்பதற்காக, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, ரத்தப் பரிசோதனை, ஆறு வாரங்களுக்கு மேல் நீடிப்பது ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். விழுந்த பள்ளம் பெரும்பாலும் நிரம்புவதில்லை. வலி மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர அரிப்பைத் தடுக்காது.

ஆகவே விரைவில் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். உடலில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இந்நோயோடு தொடர்புடைய எதிர்ப்புரதங்களைத் தேடும் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும், கடைசி இரண்டும் நெகட்டிவாக வந்தாலும் நோய் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்டில் சவ்வு வீக்கத்தை நேரடியாகக் காணலாம். பாதங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்: சுண்டுவிரலின் அடிமூட்டில், கையில் தெரியும் முன்பே அரிப்பு தோன்றுவதுண்டு. இப்போதைய படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட அவை வேண்டியிருக்கும்.