சொல் பிசகினால் திருமுழுக்கு செல்லாதா?

கேள்வி: எங்கள் வீடு காசிமேட்டில். போன மாதம் என் மகனுக்குத் திருமுழுக்கு நடந்தது. தண்ணீர் ஊற்றும்போது இளம் குருவானவர் வேறொரு பெயரைச் சொல்லத் தொடங்கி, உடனே திருத்திக்கொண்டார். ‘தூய ஆவியாரின்’ என்பதும் ‘ஆவியரின்’ என்று விழுந்தது. “வார்த்தை பிசகினால் ஞானஸ்நானம் செல்லாது, திரும்பக் கொடுக்கச் சொல்” என்கிறார் மாமியார். செல்போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தூக்கமே இல்லை.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகன் திருமுழுக்குப் பெற்றுவிட்டான். இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இந்தக் கவலை திருச்சபைக்குப் புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டில் பவேரியாவில் இலத்தீன் சரியாகத் தெரியாத குரு ஒருவர், தந்தை, மகன் என்பதற்கான சொற்களை ‘பாத்ரியா’, ‘ஃபிலியா’ என்று சிதைத்துச் சொல்லித் திருமுழுக்கு அளித்துவந்தார். அவரிடம் பெற்றவர்களுக்கு மறுபடியும் அளிக்கச் சொன்னவர் சாதாரண ஆளில்லை, ஜெர்மானியரிடையே நற்செய்தி அறிவித்த ஆயர் புனித போனிஃபாஸ். ஆனால் திருத்தந்தை சக்கரியாஸ் அதைத் தடுத்துக் கடிதம் எழுதினார். அந்தக் குரு தவறான கொள்கையைப் புகுத்தவில்லை, மொழி அறியாமையால்தான் பிசகினார், எனவே மீண்டும் அளிக்கக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. உங்கள் குருவானவருடையது அதைவிட எத்தனையோ சிறிய பிசகு!

பெயர் மாறியதும் ஒரு பொருட்டல்ல. தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டும், தந்தை, மகன், தூய ஆவியார் என்ற மூவொரு கடவுளின் பெயரால் ‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். மூன்றும் உங்கள் வீடியோவிலேயே இருக்கின்றன. (ஞானப்பெற்றோர் பதற்றத்தில் பதில் சொல்ல மறந்திருந்தால்கூட ஒன்றும் குறையாது.) ராயபுரம் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பச்சிளங்குழந்தை உயிருக்குப் போராடினால், கிறிஸ்தவரல்லாத நர்ஸ்கூட இந்த எண்ணத்தோடு திருமுழுக்கு அளிக்கலாம், அது செல்லும் என்கிறது திருச்சபை. அவ்வளவு தாராளமாகத் திறந்து வைத்த கதவை ஓர் எழுத்துக்காகக் கடவுள் சாத்துவாரா?

உங்கள் மாமியாரின் அச்சம் ஆதாரமே இல்லாதது என்றும் சொல்ல மாட்டேன். ‘நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்’ என்று மாற்றிச் சொன்னால் செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் பங்குத்தந்தை ஒருவர் பல ஆண்டுகள் அப்படியே சொல்லி வந்ததால், ஏராளமானோர் புதிதாகத் திருமுழுக்குப் பெற வேண்டியதாயிற்று. அவர் 2022இல் பொறுப்பிலிருந்து விலகினார். குருவின் வழியாகத் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே. கூடியிருக்கும் மக்கள் அளிப்பதாகச் சொன்னால் பொருளே மாறிவிடுகிறது. உங்கள் மகனுக்குச் சொன்னதில் பொருள் மாறவில்லை, ஒலி மட்டுமே சற்று நழுவியது.

மறுபடி கொடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். திருமுழுக்கு வாழ்நாளில் ஒரே முறைதான். விசாரித்த பிறகும் உண்மையான ஐயம் நீடித்தால் மட்டுமே ‘நீ முன்பே பெற்றிருக்காவிட்டால்’ என்ற நிபந்தனையோடு அளிக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அந்த ஐயத்துக்கே இடமில்லை. மாமியார் பேரன் மீதுள்ள பாசத்தால்தான் பதறுகிறார். அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வாயால் கேட்டால் அம்மாவின் மனம் ஆறும்.

அப்படியே பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குச் சான்றிதழையும் கேட்டு வாங்கி, மகன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். அங்கே பிழை இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். புதுநன்மைக்கும் (முதல்முறை நற்கருணை பெறுவதற்கும்) திருமணத்துக்கும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.